சிங்க்கில் ஊற்றிய கஷாயம்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான வாரம், எங்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டியவர் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. தோ பாயோவில் ஒரு வீவக புளோக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே காரிடார். அவருக்கு ஹொக்கியென், அம்மாவுக்குத் தமிழ், இருவருக்கும் பொதுவாக ஓர் ஓட்டை மலாய். "சுடா மக்கான்?" என்று ஒருவர் கேட்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். "சுடா" என்பார் மற்றவர். இருபத்திரண்டு வருஷ சிநேகிதம் பெரும்பாலும் இந்த இரண்டு வார்த்தைகளில்தான் நடந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் ஒரு கையில் கஞ்சி கொண்டுவந்தார், இன்னொரு கையில் பிளாஸ்க். பிளாஸ்க்கில் இருந்தது கஷாயம். நிலவேம்பை விடக் கறுப்பு, அதே மாதிரி நெடி. எதைப் போட்டுக் காய்ச்சினார் என்று தெரியட்டும் என்று பொட்டலத்தையும் காட்டினார். காய்ந்த புல் இரண்டு வகை, அதோடு வெளிர்மஞ்சள் நிறத்தில் சீவிய ஒரு வேர். வேரை உடனே கண்டுபிடித்துவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்குச் சீன வீடுகளில் கோழி சூப்பில் போடும் தங்குய். காரிடார் முழுக்க மணக்கும் வாசம் அது.

டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், கீமோ முடிகிறவரை எந்த மூலிகையும் வேண்டாம் என்று. அம்மா பிளாஸ்க்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"குடிக்கலாமாடி?"

"வேண்டாம்மா."

"அப்ப கீழ ஊத்திடு. ஆனா வேண்டாம்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத. ஆசையா கொண்டு வராங்க."

கஞ்சியை அம்மா குடித்தாள். கஷாயத்தை நான் சிங்க்கில் ஊற்றினேன். வாரம் இரண்டு பிளாஸ்க், ஐந்து மாதம். ஒவ்வொரு முறையும் பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்துக்கொண்டே சொல்வேன்: "சுடா மினும், ஆன்ட்டி." குடிச்சாச்சு.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. அறுவைசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து அம்மா நன்றாக இருக்கிறாள். தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு செக்கப். போன மாதம் லிஃப்டில் ஆன்ட்டியைப் பார்த்தேன். கையில் அதே மாதிரிப் பொட்டலங்கள். ஜொகூரில் இருக்கும் அக்கா மகளுக்காம். மார்பில் கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறாளாம், கத்தி என்றாலே நடுக்கமாம். முதலில் இதைக் குடித்துப் பார்க்கட்டும் என்று வாங்கியிருக்கிறார்.

"உன் அம்மா கதையைத்தான் சொன்னேன்," என்றார். "இந்தியப் பெண்மணி, பக்கத்து வீடு, என் மருந்து குடிச்சா, இப்ப பார் எப்படி இருக்கான்னு."

எங்கள் மாடி வந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

அம்மா கேட்ட "குடிக்கலாமா"வில் இருந்தே தொடங்குகிறேன். தமிழில் இந்த 'லாம்' விசித்திரமான ஒட்டு. 'குடிக்கலாம்' என்றால் அனுமதி. 'குணமாகலாம்' என்றால் சாத்தியம். 'வா, குடிக்கலாம்' என்றால் கூட்டு அழைப்பு. ஒரே ஒட்டுக்குள் மூன்று வாசல்கள் இருக்கின்றன. நோய் வந்த வீட்டில் நாம் ஒரு வாசல் வழியாக உள்ளே போய் இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்துவிடுகிறோம், போனது நமக்கே தெரியாது. "இந்த மூலிகை புற்றுநோய்க்கு எதிராகச் செயல்படலாம்" என்று ஓர் ஆய்வகம் சொல்கிறது. அது சாத்தியத்தின் 'லாம்'. வாட்ஸப்பில் இரண்டு கை மாறி வீட்டுக்கு வரும்போது அதுவே "குடிக்கலாம்" ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் அது அனுமதி.

இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? சீன மருத்துவத்தின் கதையை வைத்தே அளந்து பார்க்க முடியும். அதை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. உலகத்தில் வேறெந்த மரபு மருத்துவத்தையும் விட அதிகமாக இந்தத் தூரத்தை நடந்து பார்த்தது அதுதான் என்பதால் சொல்கிறேன்.

*

பழைய சீன மருத்துவ நூல்கள் மார்பகப் புற்றுநோயை 'மார்புப் பாறை' என்றே எழுதின. கையில் தட்டுப்படும் அந்தக் கடினம்தான் பெயராயிற்று. தமிழில் நாம் 'புற்று' என்றோம், கிரேக்கர்கள் நண்டு என்றார்கள். இன்றைய சீன எழுத்தில் புற்றுநோயைக் குறிக்கும் வடிவத்துக்குள்ளும் நோய்க் குறியின் கீழே அந்தப் பாறை உட்கார்ந்திருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் ஜூ தான்ஷி என்ற மருத்துவர் இருந்தார். இன்றைய ஜெஜியாங் மாகாணத்துக்காரர். 1347இல் வந்த அவருடைய நூலில் இந்தப் பாறையைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கணவனோடும் மாமனார் மாமியாரோடும் ஒத்துப்போக முடியாத பெண்ணுக்குக் கவலையும் கோபமும் காலையும் மாலையுமாகச் சேர்ந்துகொண்டே போகும், மண்ணீரலின் சக்தி தேயும், கல்லீரலின் சக்தி தறிகெடும், கடைசியில் சதுரங்கக் காய் அளவில் ஒரு கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும் என்கிறார். வலிக்காது, அரிக்காது. பல வருஷம் கழித்துத்தான் புண்ணாக உடையும்.

முதல் முறை இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆண், ஒரு பெண்ணின் மார்பில் இருக்கும் கட்டியைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். எங்கள் டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் அம்மாவிடம் "வீட்டுல எப்படி இருக்கீங்க" என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இரண்டாம் முறை படித்தபோது எரிச்சல் வந்தது. அப்படியென்றால் இது அவள் மனசால் வந்த நோயா? கோபப்படாமல் இருந்திருந்தால் வந்திருக்காதா? அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்: "நீ எல்லாத்தையும் மனசுல போட்டுப் பூட்டி வச்ச, அதான்." பரிவாகத் தொடங்கும் ஒரு விளக்கம் எவ்வளவு சுலபமாகக் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது!

அதே பகுதியில் ஜூ தான்ஷி ஒரு சிகிச்சைக் கதையும் எழுதியிருக்கிறார். உறவில் மருமகன் முறை ஒருவனின் மனைவி, வயது பதினெட்டு. அவளுக்கு இந்தக் கட்டி. கணவன் மனைவிக்குள் ஒரு குறையுமில்லை, பிரச்சினை மாமியார்தான். நம்ம சீரியல்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். காயவைத்த பச்சை ஆரஞ்சுத் தோலைக் காய்ச்சிக் கொடுத்தார். இடையிடையே 'நான்கு பொருள் கஷாயம்' என்ற புகழ்பெற்ற மருந்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் சரியாயிற்று.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கட்டி இருந்திருக்கும், கரைந்தும் இருக்கும். ஆனால் வயது பதினெட்டு. அந்த வயதில் மார்பில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஃபைப்ரோஅடினோமா என்ற ஆபத்தில்லாத கட்டிகள்தான் அதிகம், அவற்றில் சில தானாகவே சுருங்கியும் விடும். பயாப்ஸி இல்லாத காலத்தில் எது பாறை, எது வெறும் கூழாங்கல் என்று தொட்டுப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்றைக்கும் விரலால் மட்டும் சொல்ல முடியாது.

ஆக, நேர்மையான ஒரு மருத்துவர், உண்மையான ஒரு நோயாளி, உண்மையாகவே கரைந்த ஒரு கட்டி. மூன்றும் உண்மையாக இருந்தும் "இந்தக் கஷாயம் மார்புப் பாறையைக் கரைக்கும்" என்ற முடிவு தவறாக இருக்க முடியும். யாரும் பொய் சொல்லாமலே பொய் பிறக்க முடியும். நானோ பொய்யே சொன்னவள்.

லூ சுன் தன் அப்பாவின் நோயைப் பற்றி எழுதிய ஒரு நினைவுக் கட்டுரை இங்கே ஞாபகம் வருகிறது. ஊரின் பெரிய வைத்தியர் ஒருவர் மருந்தோடு சேர்க்க ஒரு ஜோடி சில்வண்டு கேட்கிறார். ஏதோ ஒரு ஜோடி போதாது. ஒரே வளையில் ஆரம்பத்திலிருந்து சேர்ந்து வாழ்ந்த அசல் தம்பதியாக இருக்க வேண்டும். சிறுவன் தோட்டத்தில் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறான். அப்பா பிழைக்கவில்லை. அதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்த நிபந்தனையின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நோய் குணமானால் மருந்து பலித்தது. குணமாகாவிட்டால் சில்வண்டுகளுக்கு அது இரண்டாம் கல்யாணம். எந்த வழியில் போனாலும் தோற்காத மருந்து அது. தோற்கவே முடியாத ஒன்று ஜெயித்ததாகச் சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

*

இனி ஆய்வகத்துக்கு வருகிறேன். ஆன்ட்டி காட்டிய பொட்டலத்தின் இரண்டு புல்லும் சீனாவில் புற்றுநோய்க்குச் சேர்த்துக் கொடுக்கப்படும் பிரபலமான ஜோடி. ஒன்று பான் ஜி லியன். இன்னொன்றின் சீனப் பெயருக்கு 'வெள்ளைப்பூ பாம்புநாக்குப் புல்' என்று பொருள்.

பான் ஜி லியனை அறிவியல் சும்மா ஒதுக்கித் தள்ளவில்லை. அதன் நீர்ச்சாறு மார்பகப் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று கண்டார்கள். எப்படி என்றும் பார்த்தார்கள். புற்றுச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை வேகமாக எரித்து வாழ்பவை. இந்தச் சாறு செல்லுக்குள் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தை உண்டாக்கி, டிஎன்ஏவை உடைத்து, அந்தச் சர்க்கரை அடுப்பை அணைக்கிறது. சாதாரணச் செல்களுக்கு அவ்வளவு சேதமில்லை. அமெரிக்காவில் நோய் உடம்பில் பரவிவிட்ட 21 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை, சிலருக்கு நோய் சில மாதங்கள் அசையாமல் நின்றது. ஆனால் அது முதற்கட்டச் சோதனை. உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பதற்கானது. ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட மருந்து என்ற இடம்வரை அது போய்ச் சேரவேயில்லை.

இந்த மாதிரி ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வரும்: எம்சிஎஃப்-7. மார்பகப் புற்றுநோய் ஆய்வில் மிக அதிகமாகப் பயன்படும் செல் வரிசைகளில் ஒன்று. 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்தவை அந்தச் செல்கள். அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். எம்சிஎஃப் என்பது அந்தப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம், 7 என்பது ஏழாவது முயற்சி. குழந்தை பெற்றுக்கொள்ளாத ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வந்தவை உலகம் முழுக்க ஆய்வகங்களில் அரை நூற்றாண்டாகப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. "மூலிகை புற்றுநோயைக் கொன்றது" என்று நாம் படிக்கும் செய்திகளில் நிறைய, இந்தப் பெண்ணின் செல்கள் ஒரு கண்ணாடித் தட்டில் செத்த செய்திகள்தான்.

தட்டில் கல்லீரல் இல்லை, குடல் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. சாற்றை நேராகச் செல்லின் தலையில் ஊற்றலாம். நாம் குடிக்கும் கஷாயமோ வயிற்றில் உடைந்து, கல்லீரலில் உருமாறி, ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்து, மிச்சமிருந்தால்தான் கட்டிக்குப் போய்ச் சேரும். தட்டில் செல்லைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை, பிளீச்சிங் பவுடர்கூடக் கொல்லும்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு செய்தி. அதே எம்சிஎஃப்-7 செல்களின் மேல் தங்குய் வேரின் நீர்ச்சாற்றையும் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். செல்கள் சாகவில்லை, வேகமாக வளர்ந்தன. ஆன்ட்டியின் பொட்டலத்தில் இருந்த அதே வேர். ஜூ தான்ஷியின் நான்கு பொருள் கஷாயத்தில் அந்த நான்கில் ஒன்றும் தங்குய்தான். கவனியுங்கள், இதுவும் தட்டில் நடந்ததுதான். தட்டில் செத்ததை நம்பக் கூடாது என்றால் தட்டில் வளர்ந்ததையும் அப்படியே நம்பக் கூடாது. ஆனால் ஒரே பொட்டலத்துக்குள் ஒரு 'செயல்படலாம்' மருந்தாகவும் இன்னொரு 'செயல்படலாம்' தீனியாகவும் இருக்க முடியும். "இயற்கைதானே, என்ன பண்ணிடப் போகுது" என்கிறோம். ஒன்றுமே பண்ணாத பொருள் நல்லதும் பண்ணாதே!

*

அப்படியென்றால் சீன மருத்துவத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதனால்தான் கேள்வி சிக்கலாகிறது.

1970களின் தொடக்கத்தில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்தொங் என்ற மருத்துவர், கிராமத்து வைத்தியர் ஒருவர் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த கலவையைப் பற்றிக் கேள்விப்படுகிறார். ஆர்சனிக், ஒரு பாதரச உப்பு, தேரை விஷம். மூன்றும் நஞ்சு. அவரும் சக ஊழியர்களும் செய்தது எளிமையானது, துணிச்சலானது. கலவையைப் பிரித்தார்கள். தேரை விஷம் ரத்த அழுத்தத்தை ஏற்றியது, பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆர்சனிக் மட்டும் போதுமாக இருந்தது, அதுவும் எல்லாப் புற்றுக்கும் இல்லை, குறிப்பிட்ட ஒரு வகை ரத்தப் புற்றுக்கு. ஒருகாலத்தில் வாரக்கணக்கில் ஆளைக் கொன்ற அந்த நோயில் இன்று ஆர்சனிக்கும் வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருள் ஒன்றும் சேர்ந்து பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காப்பாற்றும் நிலை வந்திருக்கிறது. அமெரிக்கா 2000இல் அதை அங்கீகரித்தது.

து யூயூவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம், ஆயிரக்கணக்கான பழைய குறிப்புகள், அவற்றில் 4ஆம் நூற்றாண்டின் கே ஹொங் எழுதிய ஒன்று. ஒரு பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை. அப்படியானால் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த சூட்டில் ஈதரை வைத்துப் பிரித்தெடுத்தார். நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால், 1972இல், அவரும் சக ஊழியர்களும் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். 2015இல் நோபல் பரிசு.

இரண்டு கதையிலும் மரபு ஒரு துப்புக் கொடுத்தது. துப்பு எங்கேயும் தீர்ப்பாகிவிடவில்லை. ஹார்பினில் மூன்றில் இரண்டை எடுத்தெறிய வேண்டியிருந்தது. எது பலிக்கவில்லை என்று எழுதிவைக்கும் நேர்மைதான் அந்தக் கிராமத்துக் கலவையை மருந்தாக்கியது.

அந்த நேர்மை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் கதைகள் உண்டு. 1990களின் ஆரம்பத்தில் பிரஸல்ஸில் உடல் மெலிய வைக்கும் ஒரு கிளினிக்கில் பெண்களுக்குச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். சேர வேண்டியது ஹான் ஃபாங் ஜி, சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி. பெயரில் ஓர் அசைதான் வித்தியாசம். இரண்டாவதில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் போயிற்று. அவர்களில் 39 பேர் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் எடுத்துவிடச் சம்மதித்தார்கள். எடுத்துப் பார்த்தால் 18 பேருக்கு அங்கே புற்றுநோய்.

இன்னொன்று, புராஸ்டேட் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் விற்ற ஒரு மூலிகைக் கலவை. பெயர் பிசி-ஸ்பெஸ். லத்தீனில் 'ஸ்பெஸ்' என்றால் நம்பிக்கை. உண்மையாகவே வேலை செய்தது, ரத்தச் சோதனையில் பலருக்கு எண்கள் இறங்கின. 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காரணம், மாத்திரைகளில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் உட்பட ஆங்கில மருந்துகள் கலந்திருந்தன. நம்பிக்கை என்று பெயர் எழுதிய டப்பாவுக்குள் பெயர் சொல்லாத ஹார்மோன்! எங்கள் அம்மாவுக்கு வந்தது அந்த ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் வகை. 'மூலிகை' என்ற ஒரு சொல்லை நம்பி அப்படி ஒரு டப்பா யார் வீட்டுக்குள்ளும் வந்துவிடலாம்.

*

இங்கே ஒருவர் கேட்கலாம்: நோய் அவருடையது, உடம்பு அவருடையது, எதைக் குடிப்பது என்று முடிவு செய்ய நீ யார்?

நியாயமான கேள்வி. சென் ஷியாவ்ஷுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1987இல் சீனத் தொலைக்காட்சியில் 'சிவப்பு மாளிகைக் கனவு' நாவல் தொடராக வந்தபோது லின் தாய்யூவாக நடித்தவர். நாவலில் தாய்யூ எப்போதும் நோயாளி, எப்போதும் மருந்து குடிப்பவள், கவிதை எழுதுபவள், இளம் வயதில் இறப்பவள். அந்த வேடத்துக்காக ஷியாவ்ஷு இயக்குநருக்குப் புகைப்படத்தோடு தான் எழுதிய கவிதையையும் அனுப்பினாராம். ஒரு தலைமுறைக்கே தாய்யூவின் முகம் அவர் முகம்தான். பிற்காலத்தில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவைசிகிச்சையும் கீமோவும் வேண்டாம் என்று சொல்லிச் சீன மருத்துவத்தை நாடினார் என்று செய்திகள் எழுதின. 2007இன் தொடக்கத்தில் பௌத்தத் துறவியானார். அந்த மே மாதம் இறந்தார். வயது 41.

அவருடைய முடிவை மதிப்பதா, அதைப் பார்த்து வருந்துவதா? இரண்டும் சேர்ந்தே முடியும் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளியுடையது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தேர்வு என்பது எதிரே இருக்கும் இரண்டு பாதைகளும் எங்கே போகின்றன என்று தெரிந்த பிறகுதான் தேர்வு. 2018இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இறப்பு ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் கஷாயத்தை எடுத்தால் அது அவர் முடிவு. பக்கத்து வீட்டு இந்தியப் பெண்மணி இதைக் குடித்துத்தான் பிழைத்தாள் என்று கேள்விப்பட்டு எடுத்தால், அது யாருடைய முடிவு?

அதில் என் கை இருக்கிறது. ஜொகூரில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் சுதந்திரத்தில் நான் கலப்படம் செய்திருக்கிறேன், அந்த டப்பாவில் ஹார்மோனைக் கலந்தவர்கள் செய்தது மாதிரி. என் கலப்படத்துக்குப் பெயர் மரியாதை.

*

குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார் வள்ளுவர். நாம் எல்லோரும் பள்ளியில் படித்தது, வசதிப்பட்டபோதெல்லாம் எடுத்துப் பயன்படுத்துவது. மூன்று வருஷமாக நானும் அதன் நிழலில்தான் நின்றேன். வயதான ஒரு பெண்மணியின் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டேன், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் சும்மா நன்மை என்று சொல்லவில்லை. குற்றமில்லாத நன்மை என்கிறார். அந்த அடைமொழியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஒரு பொய் குற்றமற்றதா என்று சொன்ன நிமிஷத்தில் யாராலும் சொல்ல முடியாது, அது இன்னும் எத்தனை வீட்டுக்கு நடந்துபோகும் என்று தெரியாதே! என் பொய் லிஃப்டில் ஏறி, ஜொகூர் பாலம் தாண்டிப் போய்விட்டது.

இதையெல்லாம் யோசித்த பிறகு எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த ஐந்து மாதத்தில் ஆன்ட்டி கொண்டுவந்தது இரண்டு பாத்திரங்கள். ஒன்றைக் கொட்டினோம், ஒன்றைக் குடித்தோம். கீமோவுக்குப் பிந்தைய நாட்களில் அம்மாவின் வாயில் வேறெதுவும் இறங்காதபோது அந்தக் கஞ்சிதான் இறங்கியது. சீன மருத்துவத்தில் நோயைத் தாக்குவது ஒரு வேலை, நோயாளியைத் தாங்குவது இன்னொரு வேலை. இன்றைக்குச் சீன ஆஸ்பத்திரிகளில் பல மருத்துவர்கள் கீமோவைத் தாக்குதலுக்கும் கஷாயத்தைத் தாங்கலுக்கும் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்தக் கஷாயம் உண்மையில் தாங்குகிறது என்பதும் சோதித்தே அறிய வேண்டியது. ஆனால் பிரிவினை சரியானது. ஆன்ட்டி எங்களைத் தாங்கினார். அந்த நன்றியை "உங்க மருந்து பலிச்சுது" என்று சொல்லித்தான் தீர்க்க முடியும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. கஞ்சிக்குச் சொல்ல வேண்டிய நன்றியைக் கஷாயத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான்தானடி சொல்லாதன்னு சொன்னேன். நானும் வரேன்," என்றாள்.

இரண்டு பேரும் போனோம். நாலு வீடு தள்ளிப் போவது மாதிரி இருந்தது, பக்கத்துக் கதவுதான். அம்மாவின் ஓட்டை மலாயில் அது முடியாது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குடிக்கவில்லை ஆன்ட்டி. ஒரு நாளும் குடிக்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார், உங்களிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அம்மா பிழைத்தது ஆப்பரேஷனிலும் கீமோவிலும். உங்கள் அக்கா மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

அவர் முகம் மாறியது. கோபமா, அவமானமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ரொம்ப நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் மண்சட்டி இருந்தது, அதில்தான் காய்ச்சுவார். ஒரு சட்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். வாரம் இரண்டு, ஐந்து மாதம். நான் கணக்குப் போடாமல் இருக்க முயன்றேன்.

கடைசியில் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"புபோர்?" கஞ்சி?

"ஹபிஸ்," என்றாள் அம்மா. "செமுவா ஹபிஸ்." காலி. எல்லாம் காலி.

அவர் தலையை ஆட்டினார். வேறெதுவும் பேசவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் காரிடாரில் "சுடா மக்கான்" இல்லை. பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். போன வியாழக்கிழமை கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. ஜொகூரில் ஆஸ்பத்திரியில் அக்கா மகளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம், திங்கட்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். தனியாகப் போகப் பயப்படுகிறாள், நானும் போகிறேன் என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அந்த ஊசி ரொம்ப வலிக்குமா என்று கேட்டார்.

அம்மா வாசலிலேயே நின்று, இருக்கிற மலாயை எல்லாம் சேர்த்து, உள்ளது உள்ளபடி சொல்ல ஆரம்பித்தாள்.